தம்பி முறைக்கு ஒருத்தன்

இல்ல சார், எதுவும் காணாமப் போகல. அலமாரியப் பாருங்க, நீங்களே எண்ணிக்கோங்க. மேல் தட்டுல சோஜு சாராயம், கீழ்த் தட்டுல பீரு, ஓரத்துல சோடா. எனக்குப் படிப்பு கிடையாது, ஆறாவதோட நிறுத்திட்டாங்க. ஆனா என் கடைல எது இருக்கு, எது இல்லைன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். திருட்டுப் போச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்கதான் அமெரிக்க முகாம் ஆபீசுலருந்து தாளத் தூக்கிட்டு வந்திருக்கீங்க.

அவனே எழுதிக் குடுத்தானா? லாரி ஓட்டுற அந்தப் பையன், லானியா? எங்க, காட்டுங்க. இங்கிலீஷ்ல இருக்கு, எனக்கு எங்க புரியப்போகுது. நீங்களே படிச்சு நம்ம கொரிய பாஷைல சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.

ம்.

ம். நான் அடுப்படில வேலையா இருந்தப்ப, அலமாரிலருந்து ரெண்டு பாட்டில எடுத்துச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டானா. முகாமுக்குப் பின்பக்கம் உக்காந்து தனியாவே குடிச்சானா. கடைக்கார அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதா. அப்படியா எழுதியிருக்கான். சத்தியம் பண்ணிக் கையெழுத்து வேற போட்டிருக்கானா.

உக்காருங்க சார், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க. அந்த ஜன்னல் பக்கம் வேணாம், சட்டத்துல விரிசல், காத்து வரும். இங்க வாங்க, அடுப்புப் பக்கத்துல. சூப்பு கொண்டுவரேன். வேணாம்னு சொல்லாதீங்க, வெளிய பனி கொட்டுது. நீங்க சாப்பிடாம உக்காந்திருந்தா எனக்குப் பேச்சு வராது. அப்படியே பழகிப்போச்சு.

வியாழக்கிழமையா கோர்ட்டு? இன்னிக்குத் திங்கள். அப்ப நடுவுல ரெண்டே நாள்தான்.

நான் ஆமான்னு கையெழுத்துப் போட்டா திருட்டும் அவன் தலைல ஏறும். சரியா? லாரியக் கவுத்தது ஏற்கெனவே இருக்கு, குடிச்சது இருக்கு, லாரில கூட இருந்த டெஸ்மண்டோட கால் போனது இருக்கு. இது நாலாவது. இல்லைன்னு சொன்னா, அப்ப யாரு குடுத்தாங்கன்னு கேப்பீங்க. சின்னப் பையனுக்குச் சாராயம் ஊத்துன கடைன்னு கதவுல அந்தச் செவப்புப் பலகைய மாட்டுவீங்க. சிப்பாய் எவனும் உள்ள நுழையக் கூடாதுன்னு. எதுத்தாப்புல பாருங்க, போன வருஷம் அந்தக் கோழி வறுக்குற கடைக்கு மாட்டினாங்க. மூணு மாசம் தாங்கல. இப்ப செருப்புக் கடை. எனக்குத் தெரியும் சார். இந்த ரோட்டுல அமெரிக்காக்காரப் பசங்க வரலைன்னா வேற யாரு வரப்போறா.

ஆனா சின்னப் பையன்னு சொல்றீங்களே, அது எந்தக் கணக்குல சார்? பத்தொம்பதுன்னு போட்டிருக்கு, பாத்தேன், நம்பர் படிக்கத் தெரியும். நான் அவன்கிட்டக் கேட்டுத்தான் வெச்சிருக்கேன். எழுபத்தெட்டுல பொறந்தவன். பொறந்தப்பவே ஒண்ணு. அதுக்கப்புறம் ஒவ்வொரு புது வருஷத்துக்கும் ஒண்ணு ஒண்ணா ஏத்திக்கிட்டு வந்தா இப்ப இருபத்தொண்ணு. நீங்களும் நம்ம ஆளுதானே, நீங்க எப்படி எண்ணுவீங்க? வயித்துல இருந்த காலத்த ஒண்ணுமில்லைன்னு தூக்கிப் போட்டுருவீங்களா? அவங்க கணக்கு வேற, டிசம்பர்ல அவன் பொறந்த தேதி வந்தாத்தான் ஒண்ணு ஏறும்னு இப்ப சொல்றீங்க. அத யாரு அப்ப சொன்னா எனக்கு. அவன் சொல்லல. அவனுக்கு நான் என்ன கணக்குப் போடுறேன்னு தெரியாது, எனக்கு அவன் என்ன கணக்குல இருக்கான்னு தெரியாது.

சூப்ப குடிங்க, ஆறுது.

நீங்க ஆபீசுக்குள்ள இருக்கீங்க சார். உங்களுக்குத் தாள்தான் வரும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பத்து மாசமாப் பாத்தேன் அந்தப் பையன் பொழப்ப. காலைல அஞ்சரைக்கு ஓட ஆரம்பிப்பாங்க. ஒருத்தன் கத்த, மத்தவங்க திருப்பிக் கத்த, அந்தச் சத்தத்துலதான் நான் கடைக் கதவையே தொறப்பேன். ஓடி முடிச்சு, குளிச்சுச் சாப்பிட்டு, லாரிக் கொட்டகைக்குப் போவான். அவனுக்குன்னு ஒரு லாரி. அதுக்கு அடில படுத்து எண்ணெய் ஒழுகுதான்னு பாப்பான். ஓடாத வண்டில என்ன ஒழுகும். ஒழுகலைன்னு எழுதுவான். டயர்ல காத்து இருக்கான்னு பாப்பான், இருக்குன்னு எழுதுவான். தொடைப்பான். மறுநாளும் அதே லாரி, அதே எண்ணெய், அதே எழுத்து. பத்து மாசத்துல அந்த லாரி இங்கருந்து ஆத்துப் பாலம் வரைக்கும் நாலே தடவதான் போயிருக்கு. அதுவும் ஒத்திகைக்கு.

போன வெயில் காலத்துல ஒரு புதுக் கேப்டன் வந்தாரு இல்ல, செவத்த மீசை. அவரு வந்ததும் மணல் மூட்டையெல்லாம் வடக்குப் பக்கம் அடுக்கச் சொன்னாரு. அதுக்கு முன்ன இருந்தவரு தெக்கால அடுக்கச் சொல்லியிருந்தாரு. பசங்க ஒம்பது நாள் தூக்கினாங்க. இவன் தோள்பட்டையெல்லாம் தோலு உரிஞ்சு வந்து நிக்கிறான். கேக்குறான் என்கிட்ட, அம்மா, எதிரி எந்தப் பக்கம்? நான் வடக்கக் காட்டுனேன். அப்பச் சரி, இந்தக் கேப்டனுக்குத் தெசை தெரியுதுன்னான். சிரிப்பு வராது அவனுக்கு. சும்மா சொல்லிட்டுச் சோத்துல கரண்டிய விட்டிருவான்.

காவக் கோபுரம் இருக்கே, என் கொல்லைக்கு நேரா. அதுல நின்னா எதிரி தெரிய மாட்டான், என் கொடித் துணிதான் தெரியும். ரெண்டு மணி நேரம் அதையே பாத்துட்டு நிப்பான். மறுநாள் வந்து, அம்மா, நேத்து முள்ளங்கித் தழை காயப் போட்டீங்க, சாம்பப் பூனை வந்து ரெண்டு கொத்த இழுத்துட்டுப் போச்சு, நான் கத்துனேன், உங்களுக்குக் கேக்கல. அப்படிம்பான். கடல் தாண்டி ஒரு நாட்டக் காவல் காக்க அனுப்பியிருக்காங்க, அவன் என் முள்ளங்கித் தழையக் காவல் காத்துட்டு இருந்தான். அதையும் சரியாக் காக்கலன்னு வருத்தம் வேற.

சாயங்காலம் ஆச்சுன்னா மத்தவங்க பாட்டு போடுற கடைக்குப் போயிருவாங்க. இவன விடமாட்டாங்க, ஏன்னு இப்பத்தான் தெரியுது, வயசு பத்தாது. டெஸ்மண்டும் இவனும் முதல் தடவை இங்க வந்தது அதனாலதான். டெஸ்மண்டு உள்ள வரப்பவே தலை நெலைல இடிக்கும், தெனமும் இடிக்கும், தெனமும் கதவத் திட்டுவான். அவன் சாப்பிட்டுட்டுப் போயிருவான். இவன் போகமாட்டான். உக்காந்தே இருப்பான். ஒரு நாள் பொறுக்காம, சும்மா எதுக்கு உக்காந்திருக்க, இந்தா இதக் கிள்ளுன்னு முளைகட்டுன பயறுக் கூடைய முன்னாடி வெச்சேன். வால் வாலாக் கிள்ளிப் போட்டான். அடுத்த நாளும் வந்து கூடை எங்கன்னு கேட்டான். முகாமுல பண்றதுல எது நடந்தது, எது நடக்கலன்னு தெரியாது அம்மா, இது கூடை காலியானாத் தெரியுதுன்னான். காய்கறிக்காரி இருக்காளே, மூலைக் கடைல, அவ வாயி சும்மா இருக்குமா. என்ன அக்கா, உன் அமெரிக்க மருமகன் வந்துட்டானா, பொண்ணே பெக்காம மருமகனப் புடிச்சவ நீ ஒருத்திதான்னு சிரிப்பா. அவனுக்கு அது புரியாது. அவளப் பாத்து எந்திரிச்சு நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்லுவான். அவளுக்கே வெக்கமாப் போயிரும்.

வீட்டுக்குப் பேசுவியாடான்னு கேட்டிருக்கேன். மொதல் ரெண்டு மாசம் பேசினான். அம்மா வேற ஒருத்தரோட வேற ஊருக்குப் போயிட்டாங்க போல. அந்த நம்பர்ல மணி அடிக்குது, எடுக்க ஆள் இல்லன்னான். அதையும் அந்த லாரி எண்ணெய் மாதிரியே சொன்னான். பாத்தேன், இல்ல, எழுதிட்டேன்.

இருங்க, கேஸ் அடுப்ப அணைச்சேனான்னு பாத்துட்டு வரேன்.

அணைச்சுதான் இருக்கு. எனக்கு எப்பவும் இப்படித்தான். பூட்டுன கதவத் திரும்பிப் போய் இழுத்துப் பாக்கலன்னா தூக்கம் வராது. முன்ன இப்படி இல்ல. மூணு வருஷமாத்தான்.

ஆமா சார், கடைப் பேரு. கிவான் சாப்பாட்டுக் கடை. என் பையன் பேருதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். நம்ம பட்டாளத்துலதான் இருந்தான், கட்டாயச் சேவை. துப்பாக்கியத் தொடைக்கிறப்ப வெடிச்சிருச்சுன்னு எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னால ஊரே என்னக் கிவான் அம்மான்னுதான் கூப்புடும். நம்மள்ல அப்படித்தானே, சொந்தப் பேரு யாருக்குத் தெரியும். அவன் போனதுக்கு மறு வாரத்துலருந்து யாரும் கூப்புடல. கடைக்கார அம்மா, சூப்புக் கடை அக்கா. நல்லதுக்குத்தான் பண்றாங்க, எனக்கு வலிக்கக் கூடாதுன்னு. அவன் பேரு நெஞ்சுக்குள்ளதான் கெடந்துச்சு, வெளிய பலகைல மட்டும் தொங்குச்சு.

இந்த லானி நம்ம எழுத்துப் படிக்கப் பழகினான். எங்க பாத்துப் படிப்பான்? என் பலகையப் பாத்துதான். ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி, கி, வா, ன். உள்ள வந்து கேக்குறான், கிவான் யாரு? மூணு வருஷத்துல அந்தக் கேள்விய யாரும் கேக்கல சார். நான் பயறுத் தண்ணிய வடிச்சிட்டு நின்னேன், கூடையோட கைதவறிக் கொட்டிட்டேன். என் பையன்னு சொன்னேன். எங்க இருக்கான்னான். பட்டாளத்துலன்னேன். என்ன மாதிரியான்னான். உன்ன மாதிரிதான்னேன். அதுக்கு மேல அவன் கேக்கல. மறுநாளுலருந்து, கிவான் அம்மா, சோறு, நெறைய. அப்படித்தான் கூப்புடுவான். நான் திருத்தல.

இத எதுக்குச் சொல்றேன்னா... எழுதாதீங்க, இது எழுதுறதுக்கு இல்ல. சரி, எழுதணும்னா எழுதிக்கோங்க. எனக்குத் தெரியல எது எழுதுறது, எது எழுதக் கூடாதுன்னு.

ரெண்டு பாட்டிலுன்னு அவன் எழுதியிருக்கான் இல்ல. ரெண்டு சரிதான். ஆனா அது இந்த அலமாரி பாட்டில் இல்ல. அது உள்ள, மர அலமாரில, துணி சுத்தி வெச்சிருந்தது. அரிசிச் சாராயம், படையலுக்கு வைக்கிற தெளிஞ்ச சரக்கு. விக்கிறதுக்கு வாங்குனது இல்ல.

கிவானுக்குப் படையல் கெடையாது சார். கல்யாணம் ஆகாமப் போனவனுக்கு யாரு வைப்பா. பெத்தவங்க புள்ள முன்னாடி விழுந்து கும்புட முடியாது, அது மொறை இல்ல. தம்பி இருந்தா வைக்கலாம், நான் பெத்தது ஒண்ணு. வீட்டுக்காரர்கிட்ட மொதல் வருஷம் கேட்டேன். ஒரே வார்த்த, கூடாதுன்னாரு. கிவான் போன அந்த நாள் வந்தா அவரு இந்த ஊர்லயே இருக்க மாட்டாரு, முந்தின நாளே அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிருவாரு. திரும்பி வந்து ஒரு வாரம் பேச மாட்டாரு. அவரக் குத்தம் சொல்லல. அவருக்கு அப்படி. ரெண்டு வருஷம் அந்த நாள்ல நான் கடையச் சாத்திட்டு, ஒரு கிண்ணம் சோத்த எதுக்க வெச்சிட்டு, அது ஆறுற வரைக்கும் பாத்துட்டு, பொறவு நானே தின்னேன். பசிச்ச புள்ளைக்கு எட்டாம வெச்ச மாதிரி இருக்கும். கும்புட்டு ஊத்த ஒரு கை இல்லைன்னா அவன் எப்படி வந்து சாப்புடுவான்?

இந்த வருஷம் கணக்குப் போட்டேன். கிவான் போனப்ப அவனுக்கு இருபத்திரெண்டு. செத்தவனுக்கு வயசு ஏறாது, அங்கயே நிக்கிறான். லானிக்கு இருபத்தொண்ணு. ஒரு வயசு சின்னவன், தம்பி மொறைக்கு ஆகும். அடுத்த புது வருஷம் வந்தா இவனுக்கும் இருபத்திரெண்டு, அப்ப ஆகாது. அப்புறம் இவன் ஊருக்கே போயிருவான். அதனால இந்த ஒரு தடவதான். பைத்தியக்காரத்தனந்தான் சார், தெரியுது. வேத்து நாட்டுப் பையன், தலைமுடி மஞ்சளா இருக்கு, நம்ம பாஷைல ரெண்டு வார்த்த ஒழுங்காப் பேசத் தெரியாது. ஆனா கிவான் அம்மான்னு கூப்புடுறவன் அவன் ஒருத்தன்தானே இருந்தான்.

கேட்டேன். முழுசாச் சொன்னேன், பாதி கையால, பாதி வாயால. பயறு கிள்ளிட்டே கேட்டான். சரின்னான். என் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது, யாருக்குமே தெரியக் கூடாதுன்னேன். அதுக்கும் சரின்னான். அதத்தான் இப்பக் காப்பாத்துறான் போல.

வெள்ளச் சட்டை போட்டுட்டு வந்தான். இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி. பொழுது சாஞ்ச ஒடனேயே ஆரம்பிச்சோம், அவன் பத்து மணிக்குள்ள முகாம் கேட்டுக்குள்ள இருக்கணுமே. நடுராத்திரில வைக்க வேண்டியத அவ்வளவு சீக்கிரம் வைக்கக் கூடாதோ, வெளிச்சம் இருக்கறப்ப கிவானுக்கு வரத் தோணுமோ தோணாதோன்னு எனக்கு ஒரு பக்கம் அரிச்சுட்டே இருந்துச்சு. வாசக் கதவ ஒரு சாண் தொறந்து வெச்சேன். மீன், முள்ளங்கி சூப்பு, பேரிக்கா, கிவானுக்குப் புடிச்ச உருளைக்கெழங்கு வறுவல். படத்துக்கு முன்னாடி இவன நிக்க வெச்சேன். ரெண்டு தடவ விழுந்து கும்புடணும்னு சொல்லியிருந்தேன். பாவம், அவ்வளவு பெரிய ஒடம்ப மடக்கி நெத்திய தரைல வெச்சான், எந்திரிக்கிறப்ப முட்டி சொடக்குப் போட்டுச்சு. ஊத்துடான்னேன், ஊத்துனான். மூணு தடவ.

நான் சொல்லாத ஒண்ணு பண்ணான். படத்தப் பாத்து என்னமோ இங்கிலீஷ்ல பேசினான். என்னடா சொன்னன்னேன். ஒண்ணுமில்ல, பேரு சொன்னேன், என் பேரு லானி, நான் லாரி ஓட்டுறேன்னு சொன்னேன், அப்படின்னான்.

படைச்சத, கும்புட்டவன்தானே சார் குடிக்கணும். அது நம்ம மொறை. வாசல்ல கொட்டவா முடியும்? மூணு கிண்ணம் குடுத்தேன். ரெண்டு கையால வாங்குனான், மொகத்தத் திருப்பிக்கிட்டுக் குடிச்சான், பெரியவங்க முன்னாடி அப்படித்தான் குடிக்கணும்னு நான்தான் பழக்கியிருந்தேன். மூணோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. கிண்ணம் காலியாத் தெரிஞ்சா கை தானாப் போச்சு. பெரியவங்க ஊத்துனா வேணாம்னு சொல்லக் கூடாதுன்னும் நானே சொல்லி வெச்சிருந்தேன், அவன் சொல்லல. மூணு வருஷமா ஊத்தாம வெச்சிருந்ததையெல்லாம் ஊத்துன மாதிரி ஊத்தியிருக்கேன். மொத பாட்டில் தீந்தப்ப எனக்குத் தெரியும். ரெண்டாவது எப்பத் தொறந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அவன் உருளைக்கெழங்கத் தின்னான். நான் பாத்துட்டே இருந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏன் பேனாவ வெச்சுட்டீங்க.

ஓ. அப்படியா.

அப்ப நான் குடுத்தேன்னு எழுதினா அவன் சத்தியம் பண்ணி எழுதுனது பொய்யின்னு ஆயிருமா. அதுக்குத் தனியாத் தண்டனையா? அவன் எனக்காக எழுதுனதுக்கா? திருட்டுன்னா எவ்வளவு, பொய்யின்னா எவ்வளவு? எது கம்மி, அதச் சொல்லுங்க, அதுல கையெழுத்துப் போடுறேன்.

ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதானா.

எப்படி இருந்தாலும் உள்ளதான். எப்படி இருந்தாலும் கெட்ட பேரோடதான் அனுப்புவாங்க. ம். டெஸ்மண்டு எப்படி இருக்கான்? ஊருக்கு அனுப்பிட்டாங்களா. அவனுக்கு அம்மா இருக்காங்க, தெரியும், படம் காட்டியிருக்கான். கல்யாண வீட்டுல எடுத்தது, அந்த அம்மா தலைல பெரிய தொப்பி. அவங்களுக்கு யாரு சொல்லுவா, நடந்தது என்னன்னு. என் புள்ளைக்கு ஒரு கிண்ணம் ஊத்த ஆள் வேணும்னு நான் நெனச்சதுக்கு, அவங்க புள்ள காலு.

இல்ல சார், அழல. இது வெங்காயம் அரிஞ்ச கண்ணு.

உள்ளதையே எழுதுங்க. யோசிச்சுட்டேன். பொய்யின்னு ஆனாலும் ஆகட்டும், திருடன்னு இருக்கக் கூடாது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. படையல் வெச்சவன் பேருல திருட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பலகைய மாட்டுங்க. வீட்டுக்காரருக்குத் தெரியட்டும். ஒரு வாரம் பேச மாட்டாரு, இல்ல ஒரு வருஷம் பேச மாட்டாரு. வியாழக்கிழமை நானே வந்து சொல்லணும்னாலும் வரேன். எந்தப் பஸ்ஸுன்னு மட்டும் எழுதிக் குடுங்க, எனக்கு ஆபீஸ் வாசலே தெரியாது.

எத்தன மணிக்கு இங்கருந்து கெளம்பினானா? அதுவும் வேணுமா?

சாப்பிட்டதும் அவனுக்குக் கண்ணு சொருகிடுச்சு. அந்தா, அந்த அறைல, சூடான தரை, அப்படியே சுருண்டுட்டான். எட்டு மணி இருக்கும். நான் போர்வையப் போத்திவிட்டேன். ஒம்பதே காலுக்கு லேசாக் கண்ணத் தொறந்து, அம்மா, இங்கயே படுத்துக்குறேன், காலைல போறேன்னான். லேட்டா வந்தா என்ன பண்ணுவாங்கடான்னு கேட்டேன். ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ஒரு மாசம் வெளிய விட மாட்டாங்க, கக்கூசு கழுவச் சொல்லுவாங்க, அவ்வளவுதான், தூங்க விடுங்கன்னான். ஆமா சார், இப்பத்தான் தெரியுது. அவன் இங்கயே கெடந்திருந்தா, விடியக்காலைல ஒத்திகைக்குச் சங்கு ஊதுனப்ப போதை தெளியாம இவன் ஏறுன அந்த லாரில வேற எவனாவது ஏறியிருப்பான்.

ஆனா நான் விடல. கிவான் கடைசியா லீவுல வந்தப்ப அதே தரைலதான் படுத்திருந்தான். சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ்ஸு, அதப் புடிச்சாத்தான் நேரத்துக்குப் போக முடியும். பாத்தேன், கால் விரலெல்லாம் புண்ணு, வாயத் தொறந்துட்டுத் தூங்குறான். எழுப்பல. மனசு வரல. அடுத்த பஸ்ஸு மறுநாள் காலைலதான். ஒரு ராத்திரி லேட்டு. அங்க அவன என்ன பண்ணாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லல. பதினோராவது நாள் போன் வந்துச்சு.

அதனால இவன எழுப்பினேன். பச்சத் தண்ணில மொகத்தக் கழுவிவிட்டேன், ஷூவ நானே மாட்டிவிட்டேன், கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். பாதி வழில, நாளைக்குப் போறேன் அம்மான்னு திரும்பவும் சொன்னான். முதுகுல ஒரு அடி வெச்சுத் தள்ளிட்டுப் போனேன். கேட்டுல நின்ன பையன் கடிகாரத்தப் பாத்துட்டு உள்ள விட்டான். பத்தாக ஏழு நிமிஷம் இருந்துச்சு. அத எழுதிக்கோங்க சார். அவன் லேட்டாப் போகல.